நகரசபையின் தரவுப் பாதுகாப்பு அலுவலருக்கு எழுதினால் பயன் உண்டா?

கேள்வி: ஜேர்மனியின் நோர்ட்ரைன்-வெஸ்ட்ஃபாலன் மாநிலத்தில் இருக்கிறோம். நகரசபையின் சமூக உதவி அலுவலகம் அப்பாவுக்கு முதியோர் உதவித்தொகை கொடுக்கிறது. அதே பெயருள்ள இன்னொருவரின் ஓய்வூதியக் கடிதம் அப்பாவின் கோப்பில் சேர்ந்துவிட்டது. அதை வைத்துத் தொகையைக் குறைத்துக் கடிதமும் வந்துவிட்டது. நேரில் போய்க் கேட்டால், "தரவுப் பாதுகாப்பு அலுவலருக்கு எழுதுங்கள்" என்கிறார்கள். அவரும் அங்கே சம்பளம் வாங்குபவர்தானே?

பதில்: பயன் உண்டு. ஆனால் அதற்கு முன் குறைப்புக் கடிதத்தின் திகதியைப் பாருங்கள். கடிதம் கிடைத்த ஒரு மாதத்துக்குள் 'விடர்ஷ்ப்ருக்' எனும் ஆட்சேபத்தை எழுத்தில் கொடுத்துவிட வேண்டும். தரவுப் பாதுகாப்பு அலுவலருக்கு எழுதுவது இந்தக் கெடுவை நிறுத்தாது. இரண்டும் ஒன்றுதான் என்று நினைத்துக் கெடுவைத் தவறவிடுகிறவர்கள் நிறைய. இன்றே ஆட்சேபத்தை அனுப்பிவிட்டு மற்றதைத் தொடங்குங்கள்.

சரி, இந்தத் தரவுப் பாதுகாப்பு அலுவலர் யார்? 2018 மே 25 முதல் நடைமுறையில் உள்ள ஐரோப்பியத் தரவுப் பாதுகாப்பு ஒழுங்குவிதிப்படி, ஒவ்வொரு அரச அலுவலகமும் இப்படி ஒருவரை நியமித்தே ஆக வேண்டும். நீதி வழங்கும் பணியில் உள்ள நீதிமன்றங்களுக்கு மட்டும் விலக்கு. சிறிய ஊர்கள் சேர்ந்து ஒருவரையே வைத்துக்கொள்ளலாம். அவரைத் தொடர்புகொள்ளும் வழியை அலுவலகம் வெளியிட வேண்டும். நகரசபையின் இணையதளத்தில் 'டாட்டன்ஷுட்ஸ்' (தரவுப் பாதுகாப்பு) என்ற பக்கத்தைத் திறந்து பாருங்கள்.

சம்பளம் நகரசபையினுடையதுதான். ஆனாலும் இந்தப் பணியை இப்படிச் செய் என்று அவருக்கு யாரும் உத்தரவிட முடியாது. கடமையைச் செய்ததற்காக அவரைப் பதவி நீக்கவோ தண்டிக்கவோ கூடாது. இடையிலுள்ள அதிகாரிகளைத் தாண்டி அவர் நேராக உச்ச நிர்வாகத்திடம் பேசலாம். தரவை எதற்கு, எப்படிப் பயன்படுத்துவது என்று முடிவு செய்யும் பதவியில் அவரே இருக்கவும் கூடாது: கணினிப் பிரிவின் தலைவரோ, சமூக உதவிப் பிரிவின் தலைவரோ இந்தப் பொறுப்பை ஏற்றால், தன் வேலையைத் தானே கண்காணிப்பதாகிவிடும். என் பார்வையில் இந்த விதி இல்லாவிட்டால் பதவியே வெறும் பெயர்ப்பலகைதான்.

அதே நேரம் அவர் உங்கள் வழக்கறிஞர் அல்ல. கோப்பைத் திருத்துவதும் பணத்தைத் திரும்பக் கொடுப்பதும் அலுவலகத்தின் கையில். அவர் ஆலோசனை சொல்வார், விதி மீறப்படுகிறதா என்று பார்ப்பார். அதனால் கடிதத்தை அலுவலகத்தின் பெயருக்கே எழுதி, பிரதியை அவருக்கு அனுப்புங்கள். அதில் மூன்று விடயம் கேளுங்கள்: அப்பாவைப் பற்றி வைத்திருக்கும் தகவல்களின் பிரதி (முதல் பிரதி இலவசம்), தவறானதைத் திருத்துவது, சரிபார்த்து முடிக்கும்வரை அந்தத் தகவலைப் பயன்படுத்தாமல் இருப்பது. ஒரு மாதத்துக்குள் பதில் வர வேண்டும். சிக்கலான விடயமென்றால் இன்னும் இரண்டு மாதம் நீட்டிக்கலாம், ஆனால் அதையும் முதல் மாதத்துக்குள்ளேயே காரணத்தோடு அறிவிக்க வேண்டும்.

நம் பெயர்கள் இங்கே படும் பாடு உங்களுக்குத் தெரியும். தகப்பன் பெயர் குடும்பப் பெயர்க் கட்டத்தில் ஏறிவிடுகிறது, ஆங்கில எழுத்து ஆவணத்துக்கு ஆவணம் மாறுகிறது. ஆகவே கடவுச்சீட்டில் உள்ள எழுத்திலேயே பெயரையும், பிறந்த திகதி, கோப்பு இலக்கம் இரண்டையும் தெளிவாக எழுதுங்கள்.

அப்புறம், அந்த மற்றவரையும் நினைக்க வேண்டும். அவருடைய ஓய்வூதிய விவரம் உங்கள் கண்ணில் பட்டுவிட்டது. இதுவும் தரவு மீறல்தான். அவருக்குப் பாதிப்பு வர வாய்ப்பில்லை என்றால் தவிர, அலுவலகம் அறிந்த 72 மணி நேரத்துக்குள் மேற்பார்வை அமைப்பான மாநிலத் தரவுப் பாதுகாப்பு ஆணையாளருக்கு அறிவிக்க வேண்டும். நீங்கள் இதை எழுத்தில் தெரிவித்துவிட்டால், "எங்களுக்குத் தெரியாது" என்று பிறகு சொல்ல முடியாது. அந்தத் தாளைப் படமெடுத்து வாட்ஸ்அப்பில் மட்டும் யாருக்கும் அனுப்பிவிடாதீர்கள்.

பதில் வரவில்லை, அல்லது மறுக்கிறார்கள் என்றால், டுசெல்டோர்ஃபில் உள்ள மாநிலத் தரவுப் பாதுகாப்பு ஆணையாளரிடம் கட்டணமின்றி முறைப்பாடு செய்யலாம். ஜேர்மனியில் அரச அலுவலகங்களுக்குப் பொதுவாக அபராதம் விதிப்பதில்லை, ஆனால் திருத்தும்படி உத்தரவிடும் அதிகாரம் ஆணையாளருக்கு உண்டு. முறைப்பாட்டோடு உங்கள் கடிதத்தின் பிரதியையும், அது போய்ச் சேர்ந்ததற்கான அத்தாட்சியையும் இணைத்து அனுப்புங்கள்.