பராமரிப்புப் பணம் அம்மாவின் கைக்கு வந்தால்...

கேள்வி: லண்டன் ஈஸ்ட்ஹாமில் தனியாக இருக்கும் என் 81 வயது அம்மாவுக்குக் குளிக்க, உடுத்த, சமைக்க உதவி வேண்டும். கவுன்சில் வாரத்துக்கு 240 பவுண்ட் ஒதுக்கியிருக்கிறது. ஏஜென்சி அனுப்பும் ஆட்கள் மாறிக்கொண்டே இருக்கிறார்கள். தமிழ் பேசும் ஒருவரை அம்மாவே வைத்துக்கொள்ளலாமா? அந்த வேலையை நான் செய்தால் சம்பளம் உண்டா?

பதில்: வைத்துக்கொள்ளலாம். 2014ஆம் ஆண்டின் கேர் ஆக்ட் (பராமரிப்புச் சட்டம்) படி அந்தத் தொகையை 'டைரக்ட் பேமென்ட்' ஆக, அதாவது ஏஜென்சிக்குப் போகாமல் அம்மாவின் கைக்கே வரும்படி கேளுங்கள். நீங்கள் வேறு வீட்டில் இருப்பதால் உங்களையும் நியமிக்கலாம். ஒரே வீட்டில் இருந்தால் கவுன்சில் அவசியம் என்று ஒப்புக்கொள்ள வேண்டும். நீங்கள் கேரர்ஸ் அலவன்ஸ் (பராமரிப்பவருக்கு அரசு தரும் உதவித்தொகை) வாங்குபவரானால், சம்பளம் அதன் வருமான வரம்பைத் தாண்டாமல் பாருங்கள்.

பலர் சறுக்குவது கணக்கில்தான். மணிக்கு 15 பவுண்ட் என்று வைத்து, 240ஐ அப்படியே வகுத்து வாரத்துக்கு 16 மணி நேரம் பேசிவிடுகிறார்கள். பணியாளர் விடுப்பில் போனதும் மாற்று ஆளுக்குப் பணமில்லை, அம்மா குளிக்காமல் இருக்கிறார். சட்டப்படி வருடத்துக்கு 5.6 வாரம் சம்பளத்தோடு விடுப்பு உண்டு. ஆகவே 12 மணி நேரம் மட்டும் பேசுங்கள்: வாரம் 180 போக 60 மிஞ்சும், வருடத்துக்கு 3,120. விடுப்பு வாரங்களில் ஏஜென்சி ஆள் மணிக்கு 24 என்றால் ஏறத்தாழ 1,613 போகும். மீதி காப்புறுதிக்கும், சம்பளக் கணக்குப் பார்ப்பவருக்கும், நோய் விடுப்புக்கும்.

ஆள் வைத்த நாளிலிருந்து அம்மா முதலாளி. குறைந்தது 50 லட்சம் பவுண்டுக்கான முதலாளி பொறுப்புக் காப்புறுதி (வேலையில் பணியாளருக்குக் காயமோ நோயோ வந்தால் இழப்பீடு தருவது) கட்டாயம். பணியாளருக்கு பிரிட்டனில் வேலை செய்யும் உரிமை இருக்கிறதா என்று முதல் நாளுக்கு முன்பே சரிபாருங்கள்; பிறகு பார்த்தால் சட்டப் பாதுகாப்பு கிடைக்காது. பணியாளரின் சம்பளத்துக்காக முதலாளி அரசுக்குக் கட்டும் நேஷனல் இன்சூரன்ஸுக்கு 'எம்ப்ளாய்மென்ட் அலவன்ஸ்' என்ற கழிவைக் கேளுங்கள். பராமரிப்பாளர் ஒருவரை மட்டும் வைத்திருப்பவருக்கும் அது உண்டு.

இன்னொன்றையும் கவுன்சிலிடம் எழுத்தில் கேளுங்கள்: அந்த 240, பராமரிப்புச் செலவில் அம்மா தன் பங்காகக் கட்ட வேண்டியதையும் சேர்த்ததா? சேர்த்தது என்றால் கவுன்சில் பெரும்பாலும் அதைக் கழித்துத்தான் போடும். அம்மாவின் பங்கை வாராவாரம் அதே கணக்கில் போடாவிட்டால் சில மாதங்களில் சம்பளத்துக்கே காணாது.

இதற்கென்று தனி வங்கிக் கணக்கு வேண்டும். கடைச் சாமான், மின்கட்டணம் எதையும் அதிலிருந்து எடுக்காதீர்கள். கவுன்சில் அம்மாவுக்கு எழுதித் தரும் பராமரிப்புத் திட்டத்தில் இல்லாத செலவைக் கவுன்சில் திருப்பிக் கேட்கும். சேரும் மீதியையும் ஒரு அளவுக்கு மேல் எடுத்துக்கொள்ளும். விடுப்புக்காகச் சேர்க்கும் தொகையைத் திட்டத்திலேயே பெயர் போட்டு எழுதச் சொல்லுங்கள்.