ஆபீஸ் முடிந்து ஒரு மலை, ஒரு ஏரி

வணக்கம் சார்,

கிண்டியில் வேலை பார்க்கிறேன். சாயங்காலம் நாலரைக்கு வேலை முடிந்துவிடும். சியாட்டிலில் இருக்கும் என் கல்லூரித் தோழி ஜூன் மாதம் ஆபீஸ் முடிந்த கையோடு மலையேறி, பனி உருகி நிற்கும் ஏரிக்கரையிலிருந்து படம் அனுப்புவாள். எட்டரை மணிக்கு எடுத்த படத்தில் வெயில் அடிக்கும். சென்னையில் இதற்கெல்லாம் வழியே இல்லையா? பல்லாவரம் பக்கம் ஒரு கல்குவாரியில் பச்சைத் தண்ணீர் நிற்பதை ரீல்ஸில் பார்த்தேன். நண்பர்களோடு அங்கே போய்க் குளிக்கலாம் என்று இருக்கிறோம். என்ன நினைக்கிறீர்கள்?

வாசகர், ஆதம்பாக்கம்

அன்புள்ள நண்பருக்கு,

குவாரிக்குப் போகாதீர்கள். ஏரியில் இறங்கினால் பொதுவாக ஆழம் மெல்ல மெல்லக் கூடும். குவாரியில் பாறையை நேர்குத்தாக வெட்டி எடுத்திருப்பார்கள். ஓரத்திலேயே பல ஆள் ஆழம் இருக்கும், வழுக்கி விழுந்தால் பிடித்து ஏற இடம் கிடையாது. நீச்சல் தெரிந்த பிள்ளைகளே இப்படிப்பட்ட குட்டைகளில் செத்திருக்கிறார்கள். தயவுசெய்து உங்கள் நண்பர்களிடமும் சொல்லுங்கள்.

சரி, வேறு வழி இருக்கிறதா என்றால், நிச்சயமாக இருக்கிறது. ஆனால் நம் ஊர் வெளிச்சக் கணக்கு வேறு. சியாட்டில் பூமத்திய ரேகைக்கு வடக்கே 47 டிகிரியைத் தாண்டி இருக்கிறது, ஜூனில் அங்கே பொழுது சாய ஒன்பது மணிக்கு மேல் ஆகும். நாம் இருப்பது 13 டிகிரியில். ஏப்ரலில் ஆறு இருபதை ஒட்டிச் சூரியன் மறையும். ஜூனில்கூட ஆறே முக்காலைத் தொடாது. மறைந்த அரை மணியில் இருட்டிவிடும். அதற்குள் போய் ஏறி இறங்கக்கூடிய மலை ஒன்று உங்கள் ரயில் பாதைக்குப் பக்கத்திலேயே இருக்கிறது, திருநீர்மலை.

கிண்டியில் தாம்பரம் வண்டி ஏறி இடது பக்க ஜன்னலைப் பிடியுங்கள். திரிசூலம், பல்லாவரம் குன்றுகள் அந்தப் பக்கம்தான் வரும். பல்லாவரத்தில் 1863 மே 30 அன்று, நல்ல கோடையில், ராபர்ட் புரூஸ் ஃபூட் என்ற நிலவியலாளர் ஒரு பழைய கற்காலக் கருவியைக் கண்டெடுத்தார். இந்தியாவில் பழைய கற்கால மனிதரைப் பற்றிய ஆய்வுக்கே அந்தக் கல்தான் தொடக்கம். வீடு திரும்பும் கூட்டம் தினமும் செல்போனைப் பார்த்தபடி அந்த இடத்தைக் கடந்து போகிறது என்பதில் எனக்கு உண்மையிலேயே வருத்தம் உண்டு. இந்தக் குன்றுகளை உடைத்து ஜல்லியாக்கிய இடங்கள்தான் இன்று குவாரிக் குட்டைகளாகக் கிடக்கின்றன.

பல்லாவரத்தில் இறங்கி பஸ்ஸோ ஆட்டோவோ பிடித்தால் திருநீர்மலை. அடிவாரத்தில் நீர்வண்ணப் பெருமாள் நின்ற கோலம். மேலே நரசிம்மர் அமர்ந்தும், ரங்கநாதர் கிடந்தும், உலகளந்தவர் நடந்தும். திருமங்கையாழ்வார் வந்தபோது மலையைச் சுற்றிலும் வெள்ளம் நின்றதாம். அது வடிய ஆறு மாதம் காத்திருந்து தரிசித்தார் என்பது தலபுராணம். பக்தி இல்லாதவர்களும் போகலாம், செருப்பைக் கீழே விட்டுவிட்டு ஏறவேண்டும், அவ்வளவுதான். பகல் முழுக்க வெயில் வாங்கிய படிக்கல் சாயங்காலமும் சுடும். வேகமாக ஏறினால் பத்து நிமிடம்கூட ஆகாது.

மேலே போனதும் காற்றுக்காகக் கொஞ்சம் நில்லுங்கள். பகலில் நிலம் கடலைவிட அதிகமாகச் சூடாவதால் மதியத்துக்கு மேல் கடலிலிருந்து காற்று கிளம்பும். மார்ச், ஏப்ரலில் அது சாயங்காலத்துக்குள் இவ்வளவு தூரம் உள்ளே வந்துவிடும். ஜூனில் மேற்குக் காற்று பலமாக இருப்பதால் கடல்காற்று தாமதமாகும், சில நாள் வராமலே போகும். அதனால் உங்கள் தோழியைப் போல ஜூனுக்குக் காத்திருக்க வேண்டாம். அவள் ஊரில் கோடை வந்தால் பனி உருகி ஏரி நிறையும். நமக்கோ, இந்த மலையிலிருந்து தெரியும் ஏரிகளைப் போல, வடகிழக்குப் பருவமழையில் நிறைந்த ஏரி கோடையில் நாளுக்கு நாள் இறங்கும். பங்குனியில் பார்த்த தண்ணீர் கத்திரியில் இருக்காது. தண்ணீர் கொஞ்சம் இறங்கினால் சேற்றில் நாரைகளும் கொக்குகளும் இரை தேட வரும். நத்தைகுத்தி நாரையைக் கவனித்துப் பாருங்கள், அலகை முழுவதும் மூடினாலும் நடுவில் ஓர் இடைவெளி தெரியும்.

எல்லாம் அழகு என்று சொல்லமாட்டேன். குரோம்பேட்டை, நாகல்கேணி வட்டாரத்தில் தோல் பதனிடும் கழிவு நிலத்தடி நீரைப் பல ஆண்டுகளாகக் கெடுத்திருக்கிறது. மலையிலிருந்து பார்த்தால் ஏரிகளை நெருக்கிக்கொண்டு வீடுகள் நிற்பது தெரியும், பைபாஸ் சாலையின் இரைச்சலும் கேட்கும். இருந்தும் போகச் சொல்கிறேன். இந்த ஏரிகளை நேரில் பார்த்துப் பழகிய ஆட்கள் நிறையப் பேர் வேண்டும். நாளை ஒரு கரையை உடைத்து மண் கொட்டினால், அங்கே தண்ணீர் நின்றதைப் பார்த்தவர்களால்தான் எழுந்து கேட்க முடியும்.

வார நாளில் போங்கள், சனிக்கிழமை கோயிலில் கூட்டம் அதிகம். ஐந்தே முக்காலுக்குள் மேலே இருந்தால் நல்லது. குடிக்கத் தண்ணீர் எடுத்துக்கொள்ளுங்கள். அப்புறம், நண்பர்களையும் குவாரிக்கு விடாமல் உங்களோடு கூட்டிப்போங்கள்.

அன்புடன்.