எந்தப் புற்று, எந்த நொதி?

புற்றுநோய் செல்லுக்குள் நொதிகள் மரபணுக்களை எப்படி அடக்குகின்றன, எப்படி எழுப்புகின்றன என்று கேளுங்கள், பதில் சொல்கிறேன் என்று நம் சேலம் நண்பர்கள் குழுவில் சொல்லியிருந்தேன். நான் ஆய்வகத்தில் வேலை பார்த்தவன், மருத்துவர் அல்ல. மருந்தின் அளவை மட்டும் என்னிடம் கேட்காதீர்கள்.

கேள்வி (அம்மாப்பேட்டை, பிளஸ் டூ மாணவி): மரபணு பழுதாகாமலே புற்றுநோய் வருமா சார்?

பழுதாகாத மரபணுவும் வேலை செய்யாமல் போகலாம்மா. உங்கள் தெருவில் தறிக்கு நூல் சுற்றி வைப்பார்களே, அதுபோல டிஎன்ஏ ஹிஸ்டோன் என்ற புரதங்களின் மேல் சுற்றியிருக்கிறது. சில நொதிகள் ஹிஸ்டோனில் அசிட்டைல் என்ற சிறு வேதிக்குறியை ஒட்டும். சுற்று தளரும், மரபணுவைப் படிக்க முடியும். எச்டாக் நொதிகள் அதை எடுத்துவிட்டால் மறுபடி இறுகும். டிஎன்எம்டி நொதிகள் டிஎன்ஏ மேலேயே மெத்தில் என்ற இன்னொரு குறியை ஒட்டி மரபணுவை அடக்கும். செல் பிரியும்போது டிஎன்எம்டி1 அந்தக் குறிகளைப் புது இழையிலும் அப்படியே போட்டுவிடும். அதனால் ஒருமுறை அடங்கிய மரபணு அடுத்தடுத்த செல்களிலும் அடங்கியே கிடக்கும்.

செல் பிரிவுக்குக் கடிவாளம் போடும் பி16 மரபணு பல புற்றுகளில் இப்படித்தான் அடங்கிப்போகிறது, ஓர் எழுத்துகூட மாறாமல். பெருங்குடல் புற்றில் ஒரு பகுதியினருக்கு, டிஎன்ஏ பிழை திருத்தும் எம்எல்எச்1 இதே வழியில் முடங்குகிறது. அப்புறம் மற்ற மரபணுக்களில் நிஜமான பிழைகள் குவிய ஆரம்பிக்கும்.

கேள்வி (அயோத்தியாப்பட்டணம், ஆசிரியர்): அப்படியானால் அடக்கும் நொதியை நிறுத்திவிட்டால் போதுமே?

எந்தப் புற்று, எந்த நொதி என்று தெரியாமல் இதற்குப் பதில் இல்லை ஐயா. ஈஇசட்எச்2 என்ற நொதி ஹிஸ்டோனில் மெத்தில் ஒட்டி மரபணுக்களை அடக்கும். லிம்போமா என்ற நிணநீர்ப் புற்றுகள் சிலவற்றில் அது வரம்பு மீறி வேலை செய்கிறது. அதைத் தடுக்கும் டாஸெமெட்டோஸ்டாட் மருந்துக்கு 2020-ல் அமெரிக்காவில் அனுமதி கிடைத்தது. சில ரத்தப்புற்றுகளிலோ அதே நொதி செயலிழப்பதுதான் நோயை வளர்க்கிறது. இன்னொன்று: கிளியோபிளாஸ்டோமா என்ற மூளைக் கட்டியில் எம்ஜிஎம்டி மரபணு மெத்திலால் அடங்கியிருந்தால் நோயாளிக்கு நல்லது. டெமோசோலமைடு மருந்து செய்யும் சேதத்தைச் சரிசெய்து கட்டியைக் காப்பாற்றுவது அந்த மரபணு தரும் நொதிதான். அது இல்லாதபோது மருந்து நன்றாகக் கேட்கும்.

கேள்வி (சங்ககிரி): அப்பாவுக்கு எம்டிஎஸ் (எலும்பு மஜ்ஜை ரத்த அணுக்களைச் சரியாக உருவாக்காத நோய்) முற்றிய நிலை. அசாசிட்டிடின் ஊசி இரண்டு சுற்று முடிந்தும் ரத்த அணுக்கள் ஏறவில்லை, இன்னும் குறைந்திருக்கிறது. நிறுத்திவிடலாமா?

நீங்களாக முடிவெடுத்து நிறுத்திவிடாதீங்க தம்பி. இந்த மருந்து ஏன் மெதுவாக வேலை செய்கிறது என்று சொல்கிறேன். 1970-களில் எலிக் கருவிலிருந்து எடுத்த செல்களுக்கு இதைக் கொடுத்தபோது, ஆய்வகத் தட்டிலேயே தசை செல்கள் உருவாகித் துடித்தன. செல்லுக்குள் அடங்கிக் கிடந்த தசை மரபணுக்கள் எழுந்துவிட்டன! மெத்தில் ஏறாமல் போனதுதான் காரணம் என்று 1980-ல் பீட்டர் ஜோன்ஸும் ஷெர்லி டெய்லரும் காட்டினார்கள். அசாசிட்டிடின், டிஎன்ஏவின் எழுத்துகளில் ஒன்றான சைட்டோசின் போல வேடமிட்டு டிஎன்ஏவுக்குள் நுழையும். மெத்தில் ஒட்ட வரும் நொதி அதில் மாட்டிக்கொண்டு அழியும். பழைய குறிகள் உடனே மறையாது. செல் ஒவ்வொரு முறை பிரியும்போதும் கொஞ்சம் கொஞ்சமாகத்தான் குறையும். அதனால்தான் குறைந்தது நான்கு முதல் ஆறு சுற்று பார்க்கச் சொல்கிறார்கள். தொடக்கத்தில் அணுக்கள் குறைவது பலருக்கும் நடப்பது. முற்றிய எம்டிஎஸ் நோயாளிகளிடம் நடத்தி 2009-ல் வெளியான ஆய்வில், இந்த மருந்து பெற்றவர்களின் ஆயுள் இடைநிலைக் கணக்கில் 24.5 மாதம், வழக்கமான சிகிச்சை பெற்றவர்களுக்கு 15 மாதம். காய்ச்சல் 38 டிகிரி செல்சியஸைத் தொட்டால் விடியட்டும் என்று காத்திருக்காமல் ராத்திரியே ஆஸ்பத்திரிக்குப் போய்விடுங்கள்.

கேள்வி (ஐந்து ரோடு): சாப்பாட்டுக்கு அப்புறம் குடிக்கும் என்சைம் டானிக் மரபணுவை மாற்றுமா?

மாற்றாது. அது செரிமானத்துக்கு, குடலோடு சரி.

கேள்வி (லீ பஜார், மஞ்சள் வியாபாரி): குர்குமின் எச்டாக் நொதியைத் தடுக்கிறது என்று ஆய்வே இருக்கிறது. மஞ்சளை ஏன் மருந்தாக்கவில்லை?

தட்டில் வளர்த்த செல்லில் தடுக்கிறது அண்ணா, மறுக்கவில்லை. ஆனால் அங்கே ஊற்றும் அளவு நம் ரத்தத்தில் ஏறுவதே இல்லை. கிராம் கணக்கில் விழுங்கினாலும் மிகக் கொஞ்சம்தான் குடலைத் தாண்டும், அதையும் கல்லீரல் சீக்கிரம் மாற்றிவிடும்.

அவரே மறுபடி: மிளகு சேர்த்தால் ஏறுமே!

ஏறும். மிளகிலுள்ள பைப்பரின் மருந்துகளைச் சிதைக்கும் நொதிகளைத் தடுப்பதால்தான் ஏறுகிறது. கீமோ எடுப்பவருக்கு அந்த மருந்தின் அளவும் அதே காரணத்தால் தாறுமாறாகலாம். குழம்பில் போடும் மஞ்சளும் மிளகும் பற்றிப் பேசவில்லை. அடர்த்தியான மாத்திரைகளைச் சொல்கிறேன். மஞ்சள் மாத்திரையால் கல்லீரல் பாதிப்பு வரலாம் என்று ஆஸ்திரேலிய அரசின் மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பே 2023-ல் எச்சரித்தது. டாக்டரிடம் சொல்லாமல் எதையும் சேர்க்காதீர்கள்.

இடையில் சூரமங்கலம் நண்பர்: நம் மூலிகை என்பதால் கம்பெனிகள் மறைக்கின்றன.

இதை என்னால் ஏற்க முடியாது. வாசலில் பூக்கும் நித்தியகல்யாணியிலிருந்துதான் வின்கிரிஸ்டின், வின்பிளாஸ்டின் இரண்டும் எடுத்தார்கள். 1960-களிலிருந்து உலகம் முழுக்கக் கொடுக்கிறார்கள், குழந்தைகளின் ரத்தப்புற்றுக்கும்கூட. செடியில் சரக்கு இருந்தால் யாரும் மறைக்கவில்லை.

லீ பஜார் அண்ணன்: அப்போ நித்தியகல்யாணி இலையை அரைத்துக் குடிக்கலாமா?

வேண்டவே வேண்டாம். விஷம். எலும்பு மஜ்ஜையையும் நரம்பையும் கெடுக்கும் சரக்கு, அளவு பார்த்து ரத்தக்குழாயில் ஏற்றுவது.

கேள்வி (ஏற்காடு, காப்பித் தோட்டம்): காப்பி?

காப்பி புற்று உண்டாக்குகிறது என்று வகைப்படுத்த ஆதாரம் போதாது என்று உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு அமைப்பு 2016-ல் சொன்னது. 65 டிகிரிக்கு மேல் கொதிக்கக் கொதிக்கக் குடிக்காதீர்கள்.

கேள்வி (மூன்று பேர்): முள்சீத்தா, பப்பாளி இலை, கோதுமைப் புல்?

மஞ்சளுக்குச் சொன்னதை மறுபடி படியுங்கள். இனி உணவுக் கேள்விக்குப் பதில் இல்லை.

கேள்வி (தாரமங்கலம்): வலிப்பு மாத்திரை வால்ப்ரோயேட்டும் எச்டாக்கைத் தடுக்குமாமே, வாங்கிக் கொடுக்கலாமா?

தடுக்கும், 2001-லேயே கண்டுபிடித்தது. அதை வைத்துப் புற்றுக்கு நீங்களே வாங்கிக் கொடுக்கக் கூடாது. கர்ப்பிணி எடுத்தால் குழந்தையின் முதுகுத்தண்டே பாதிக்கலாம். டாக்டரிடம் சொல்லாமல் எதையும் சேர்க்காதீர்கள்.

கேள்வி (ஆத்தூர்): புகையிலை தொடுவதில்லை, பாக்கு மட்டும்தான்.

உங்கள் பக்கம் பாக்குத் தோப்பு நிறைய, சொன்னால் வருத்தமாகத்தான் இருக்கும். காப்பிக்குச் சொன்ன அதே புற்றுநோய் ஆய்வு அமைப்பு 2004-ல் வெளியிட்ட தொகுப்பில் புகையிலை சேராத பாக்கையும் மனிதருக்குப் புற்று உண்டாக்கும் பொருளாகவே சேர்த்திருக்கிறது. நான் மேலே சொன்ன பி16 வாய்ப்புற்றில் பலருக்கு மெத்திலால் அடங்கியிருக்கிறது. வாய் திறப்பது குறைந்தாலோ வெள்ளைத் திட்டு தெரிந்தாலோ உடனே காட்டுங்கள் அக்கா.

கேள்வி (நாகலூர்): அண்ணனுக்கு மூளையில் கட்டி. ரிப்போர்ட்டில் 'ஐடிஎச்1 பாசிட்டிவ்' என்றிருக்கிறது. பயப்படணுமா?

அந்த ஒரு வரி உங்களுக்குச் சாதகமானது. ஐடிஎச்1 சாதாரணமாகச் சர்க்கரையை எரிக்கும் வேலையோடு சேர்ந்த நொதி. மாறிப்போன ஐடிஎச்1 ஒரு புதுப் பொருளைத் தயாரிக்கிறது, பெயர் 2-ஹைட்ராக்சிகுளூட்டரேட். மெத்திலை அகற்றும் டெட் நொதிகளை அது முடக்குவதால் டிஎன்ஏ முழுக்க மெத்தில் சேர்ந்துவிடும். இருந்தாலும் இந்த மாற்றம் உள்ள கிளியோமா என்ற மூளைக் கட்டி, இல்லாததைவிடப் பொதுவாக மெதுவாக வளரும். மாறிய நொதியைத் தடுக்கும் வோராசிடெனிப்புக்கு 2024-ல் அமெரிக்காவில் அனுமதி கிடைத்தது, இரண்டாம் நிலைக் கட்டிகளுக்கு. அண்ணனுடையது எந்த நிலை என்று கேளுங்கள். பயாப்சி எடுத்த இடத்தில் மெழுகில் பதித்த திசுத் துண்டு இருக்கும், பிளாக் என்பார்கள். அதை ரிப்போர்ட்டோடு கேட்டு வாங்கிப் பத்திரமாக வையுங்கள். வேறு டாக்டரிடம் போனால் முதலில் அதைத்தான் கேட்பார்.