வெல்டிங் வெச்ச இடத்துலயே திரும்பவும் விரிசல்

கேள்வி: அண்ணே, எனக்கு ஆரல்வாய்மொழியில சின்ன லேத் பட்டறை. தூண்ல இருந்து வெளிய நீட்டி ஒரு ஐ பீம் வெல்டு பண்ணி செயின் பிளாக் (சங்கிலிய இழுத்து பாரம் தூக்குற கருவி) தொங்கவிட்டிருக்கோம், ஒரு டன்னுக்கு மேல தூக்குறதே இல்ல. ஆனா பீமோட மேல் தகடு தூணுல சேர்ற ஓரத்துல முடி மாதிரி விரிசல், மேலயே வெல்டு ஓட்டினோம், எட்டு மாசத்துல அதே இடத்துல திரும்பவும். வெல்டிங் ராடு சரியில்லையா, இல்ல இந்த ஆடிக் காத்தா? (வாசகர், ஆரல்வாய்மொழி)

பதில்: முதல்ல பிளாக்க இறக்கி வெச்சிருங்க தம்பி, மிச்சத்த அப்புறம் பேசுவோம்.

காத்து அசைக்கும்தான், ஆனா தூக்கும்போதெல்லாம் மேல் தகட்ட தூண்ல இருந்து பிய்க்கிறது உங்க லோடுதான். ஷாம்பு பாக்கெட் ஓரத்துல குட்டியா ஒரு வெட்டு இருக்கும்லா, அது இல்லன்னா பல்லால கடிச்சாலும் கிழியாது, வெட்டுல புடிச்சா சர்ருனு போயிரும், வெல்டு முடிஞ்சு தகடு ஆரம்பிக்கிற விளிம்பும் அப்படித்தான், அங்க அண்டர்கட் (வெல்டு ஓரத்துல தகடு உருகி விழுற பள்ளம்) வேற விழுந்திருந்தா இழுவிசை மொத்தமும் அங்கதான் வந்து குவியும். தூணுக்குள்ள பீம் தகட்டுக்கு நேரா ஸ்டிஃப்னர் பிளேட் (தூண் தகடு வளையாம முட்டுக் குடுக்குற தகடு) இருக்கான்னு பாருங்க. இல்லன்னா தூண் தகடோட ரெண்டு ஓரமும் வளைஞ்சு குடுத்துரும், நடு வெப்புக்கு (தூணோட நடுவுல நிக்கிற தகடு) நேரா உள்ள கொஞ்ச வெல்டு மட்டும் எல்லாத்தையும் சுமக்கும்.

ஒரு டன்ன ஒருதரம் தூக்குனா ஒண்ணும் ஆகாது. ஏத்தி இறக்குற ஒவ்வொரு தடவையும் கணக்குல சேரும், அதான் ஃபெட்டீக். அந்த ஏத்த இறக்க அழுத்தம் ரெண்டு மடங்கானா ஆயுசு சுமார் எட்டுல ஒண்ணாயிரும், ஒசத்தி ஸ்டீல் போட்டாலும் வெல்டு விளிம்புல பெருசா லாபமில்ல.

1994 ஜனவரி 17ல கலிஃபோர்னியாவுல நார்த்ரிட்ஜ் நிலநடுக்கம் வந்தப்போ ஸ்டீல் கட்டடங்கள்ல இதே பீம் தூண் வெல்டுகதான் வெடிச்சுது, அது ஃபெட்டீக் இல்ல, ஆனா அடியில எடுக்காம விட்ட பேக்கிங் பார் (வெல்டு உருகி ஒழுகாம இருக்க அடியில வைக்கிற பட்டை) வெட்டு மாதிரி நின்னது ஒரு முக்கிய காரணம்.

விரிசலுக்கு மேல பூசுனா உள்ள அது அப்படியே கெடக்கும் பாத்துக்கிடுங்க. செவப்பு டை ஊத்தி முனை எதுவரைக்கும் போயிருக்குன்னு பாத்து, மொத்தமா தோண்டி எடுத்துட்டு, 7018 ராட (ஹைட்ரஜன் கம்மியான வெல்டிங் ராடு) ஓவன்ல காயவெச்சு போடச் சொல்லுங்க, ஸ்டிஃப்னரையும் சேத்துருங்க. விளிம்ப கிரைண்டர்ல வழுவழுன்னு ஆக்கும்போது கோடு இழுவிசை போற திசையிலதான் போணும், குறுக்க போட்டா அதுவே புது வெட்டு. பிளாக்க திரும்ப மாட்டுறதுக்கு முன்னாடி ஒரு ஸ்ட்ரக்சரல் இன்ஜினியர கூட்டிட்டு வந்து காட்டுங்க, தூணோட அடி போல்டையும் சேத்து.