பவுடரை விடுங்கள், புரட்டிப் படுக்க வையுங்கள்

கேள்வி: என் அம்மாவுக்கு 78 வயது. பக்கவாதத்தில் வலப்பக்கம் செயலிழந்து, மதுரை அழகர்கோயில் சாலைப் பக்கம் ஒரு முதியோர் இல்லத்தில் ஆறு மாதமாகப் படுக்கையில் இருக்கிறார். சென்ற ஞாயிறு பார்க்கப் போனபோது முதுகின் அடியில் கருஞ்சிவப்பாக ஒரு தடம் இருந்தது. “ஸ்பிரிட் தேய்த்துப் பவுடர் போடுகிறோம். முடிந்தால் தண்ணீர் மெத்தை வாங்கிக் கொடுங்கள்” என்கிறார்கள். வாங்கிக் கொடுத்தால் போதுமா?

பதில்: போதாது. மெத்தைக்குப் பிறகு வருவோம். முதலில் அந்தத் தடத்தை நீங்களே தொட்டுப் பார்க்க வேண்டும்.

ஆள்காட்டி விரலால் மூன்று விநாடி அழுத்தி எடுங்கள். அழுத்திய இடம் வெளுத்து மறுபடி சிவந்தால் அங்கே ரத்த ஓட்டம் இருக்கிறது. பாரம் விலகினால் தோல் மீண்டுவிடும். வெளுக்கவே இல்லையென்றால் அது படுக்கைப் புண்ணின் முதல் நிலை, தோல் கிழியாமல் இருந்தாலும். பாடப்புத்தகம் சொல்லும் ‘சிவப்பு’ வெள்ளைத் தோலுக்குப் பொருந்தும். நம் நிறத்தில் அது கருநீலமாகவோ, சுற்றுத் தோலைவிடச் சற்றே கறுத்தோதான் தெரியும். வெளுப்பதும் சரியாகத் தெரியாது. அதனால் கண்ணை மட்டும் நம்பாமல் கையால் தடவுங்கள். அக்கம்பக்கத்தைவிடச் சூடாகவோ சில்லென்றோ, இறுகியோ, கனிந்த பழம்போல் கொழகொழவென்றோ இருந்தால் அடியில் சதை கெடத் தொடங்கியிருக்கிறது.

எலும்புக்கும் மெத்தைக்கும் நடுவே சதை நசுங்கி, நுண்ணிய ரத்தக் குழாய்கள் அடைபடுவதால் வருவது இது. நமக்கெல்லாம் தூக்கத்திலேயே உடம்பு உறுத்தும், புரண்டு படுத்துவிடுவோம். உங்கள் அம்மாவுக்கு உறுத்தல் சரியாகத் தெரியாது. தெரிந்தாலும் புரள முடியாது. அவருக்காக வேறொருவர்தான் புரட்ட வேண்டும். அந்த வேலையைச் செய்யும் களிம்பு எதுவும் கடையில் கிடையாது.

இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை என்பது பழைய விதி. 2013-இல் வெளியான அமெரிக்க, கனடா முதியோர் இல்ல ஆய்வு ஒன்றில் 2, 3, 4 மணி நேர இடைவெளிகளுக்குள் பெரிய வித்தியாசம் தெரியவில்லை. ஆனால் அங்கே எல்லோரும் படுத்திருந்தது அடர்த்தியான நுரை மெத்தையில். நம்மூரில் பல இடங்களில் தென்னைநார் மெத்தையும் அதன்மேல் ரெக்சின் விரிப்பும்தான். எனவே இரண்டு மணி நேரத்தை விட்டுக்கொடுக்காதீர்கள்.

புரட்டுவதிலும் முறை இருக்கிறது. ஒரேயடியாகப் பக்கவாட்டில் கிடத்தினால் இடுப்பு எலும்பு முட்டில் புண் வரும். தோளிலிருந்து இடுப்பு வரை முதுகுக்குப் பின்னால் தலையணை வைத்து, 30 டிகிரி சாய்வு கொடுத்தால் போதும். செயலிழந்த வலப்பக்கம் படுக்கும் நேரம் குறைவாக இருக்கட்டும். கெண்டைக்காலுக்கு அடியில் நீளவாக்கில் ஒரு தலையணை கொடுங்கள். குதிகாலுக்கும் மெத்தைக்கும் நடுவே ஒரு தாள் தடையில்லாமல் போய்வர வேண்டும். கீழே சரிந்தவரை அக்குளில் கைகொடுத்து இழுப்பதுதான் நான் அதிகம் பார்க்கும் தவறு. மேல்தோல் விரிப்போடு ஒட்டி நிற்க, உள்சதை மட்டும் நகர்ந்து கிழிகிறது. பழைய எட்டுமுழ வேட்டியை நான்காக மடித்துத் தோள் முதல் தொடை வரை அடியில் விரித்து, இருபுறமும் இருவர் பிடித்துத் தூக்கி நகர்த்தினால் உராய்வே இல்லை. பார்ப்பவர்களுக்காகக் காலையிலிருந்து மதியம் வரை வராந்தா நாற்காலியில் உட்கார வைத்திருப்பதும் படுக்கைக்குச் சமம்தான். மணிக்கொரு தரம் இடம் மாற்ற வேண்டும்.

ஸ்பிரிட் தேய்ப்பது ஒரு காலத்தில் செவிலியர் பயிற்சியிலேயே சொல்லிக் கொடுத்தது. இன்று வேண்டாம். அது தோலை உலர்த்தி வெடிக்க வைக்கும். சிவந்த இடத்தைத் தேய்த்தால் நைந்த சதை இன்னும் நையும். மதுரை வெயிலில் பவுடர் வியர்வையோடு சேர்ந்து கட்டிகட்டியாகி உறுத்தும். டயப்பர் நனைந்ததும் மாற்றி, வெறும் தண்ணீரில் கழுவி, ஒற்றித் துடைத்து, ஜிங்க் ஆக்சைடு களிம்பு மெல்லிதாகப் பூசினால் போதும். நடுவில் ஓட்டையுள்ள காற்று வளையமும் வேண்டாம். அதன் விளிம்பே ரத்தத்தை மறிக்கும்.

மெத்தை வாங்குவதானால், என் தேர்வு மோட்டார் வைத்த காற்று மெத்தை. வால் எலும்புக்கு நேர் கீழே மெத்தைக்கு அடியில் கையை விடுங்கள். எலும்பு கையில் தட்டினால் காற்று போதவில்லை. மடித்த போர்வையை அதன்மேல் விரித்தால் வாங்கிய காசு வீண். மின்சாரம் போனால் காற்று இறங்கிவிடும், எனவே இன்வெர்ட்டர் இணைப்பு அந்தக் கட்டிலுக்கு வருகிறதா என்று கேளுங்கள். மெத்தை வந்துவிட்டது என்று புரட்டுவதை நிறுத்திவிடுவார்கள். அதுதான் என் பயம்.

சாப்பாட்டில் புரதம் முக்கியம். எடை 50 கிலோ என்றால் நாளுக்கு 60 முதல் 75 கிராம் வரை வேண்டும். ஒரு முட்டையில் 6 கிராம்தான் இருக்கிறது. ரசம் சாதத்தில் சொல்லிக்கொள்ளும்படி எதுவும் இல்லை. பருப்பு, தயிர், மசித்த சுண்டல், மீன் என்று நாள் முழுவதும் பிரித்துக் கொடுக்கச் சொல்லுங்கள். சிறுநீரகக் கோளாறு இருந்தால் மருத்துவரைக் கேட்டுத்தான்.

இல்லத்தாரிடம் சண்டைக்குப் போகாதீர்கள். ஒருவரைப் புரட்ட ஐந்து நிமிடம், எட்டுப் பேர் என்றால் நாற்பது நிமிடம், அதற்கும் இரண்டு ஆள் வேண்டும். இரவில் எத்தனை ஆயாக்கள் என்று கேட்டாலே பாதி விடை கிடைத்துவிடும். பிறகு புரட்டிய நேரம் எழுதும் தாளைக் காட்டச் சொல்லுங்கள். பன்னிரண்டு, இரண்டு, நான்கு எல்லாம் ஒரே மையில் ஒரே சாய்வில் இருந்தால், விடிந்தபிறகு உட்கார்ந்து எழுதியது என்று வைத்துக்கொள்ளலாம். ‘மக்களைத் தேடி மருத்துவம்’ ஊழியர்கள் அங்கே வருவார்களா என்று பக்கத்து ஆரம்ப சுகாதார நிலையத்தில் விசாரியுங்கள்.

தோல் உரிந்தாலோ, கொப்புளம் கிளம்பினாலோ, கறுத்தாலோ, சீழும் வாடையும் இருந்தாலோ, காய்ச்சல் வந்தாலோ மஞ்சள் வைத்துக் காத்திராமல் அன்றே மருத்துவரிடம் காட்டுங்கள். சர்க்கரை நோயும் இருந்தால், வெளுக்காத அந்தத் தடத்துக்கே காட்டிவிடுவது நல்லது.