7520யூ, 7530யூ, 1235யூ: எதை எடுப்பது?

"மகன் இன்ஜினியரிங் இரண்டாம் வருடம். கோடிங், கொஞ்சம் வீடியோ எடிட்டிங், ஓய்வு நேரத்தில் வேலரண்ட் கேம். தனி கிராபிக்ஸ் கார்டுக்கு பட்ஜெட் இல்லை. கடையில் மூன்று லேப்டாப் காட்டினார்கள்: ரைசன் 5 7520யூ, ரைசன் 5 7530யூ, கோர் ஐ5 1235யூ. மூன்றிலும் 8 ஜிபி ரேம். ரைசன் இரண்டுக்கும் நம்பரில் பத்துதானே வித்தியாசம், விலை குறைந்ததை எடுத்துவிடலாமா?" என்று ஒரு வாசகர் கேட்டிருக்கிறார்.

எடுக்காதீர்கள் சார். சமாசாரமே அந்தப் பத்தில்தான் இருக்கிறது.

ரைசனைத் தயாரிக்கும் ஏஎம்டி 2023 மாடல்களுக்கு வைத்த நம்பரில் முதல் இலக்கம் வருடத்தைக் குறிக்கும், மூன்றாவது இலக்கம்தான் உள்ளே இருப்பது எந்தத் தலைமுறை என்று சொல்லும். 7520-இல் அது 2, அதாவது 2019-இல் வந்த ஜென் 2 என்ற வடிவமைப்பு, நான்கு கோர் (வேலை செய்யும் மூளைகள்). 7530-இல் அது 3, ஜென் 3, ஆறு கோர். கிராபிக்ஸைப் பார்த்தால் 7520-இல் இருப்பது படத்தை வரையும் கம்ப்யூட் யூனிட் வெறும் இரண்டு, 7530-இல் ஏழு. முன்னதன் கிராபிக்ஸ் வடிவமைப்பு புதிதுதான், ஆனால் இரண்டே பேரை வைத்துக்கொண்டு எவ்வளவு வேலை வாங்க முடியும்? போதாததற்கு அதில் ரேம் போர்டிலேயே பற்றவைத்து வரும், பிறகு கூட்டவே முடியாது. பிரவுசரும் வேர்டும் போதும் என்பவர்களுக்கு சரி, உங்கள் பையனுக்கு வேண்டாம்.

மிச்சம் இரண்டு. இன்டெல்லின் 1235யூ-வை "பத்து கோர்" என்று கடையில் பெருமையாகச் சொல்வார்கள். அதில் வேகமான கோர் இரண்டுதான், மற்ற எட்டும் சிறியவை. மொத்தம் 12 திரெட், அதாவது ஒரே நேரத்தில் 12 வேலை வரிசை. 7530-இல் ஆறு கோரும் ஒரே மாதிரி, அதிலும் 12 திரெட்தான். ஒரே ஒரு வேலையைச் சட்டென்று முடிப்பதில் இன்டெல் முந்தும். பெரிய புராஜெக்டை கம்பைல் செய்வது போல நீண்ட நேரம் ஓடும் வேலை என்றால், எது ஜெயிக்கும் என்பதை ஃபேனும், தயாரிப்பாளர் எத்தனை வாட் அனுமதித்திருக்கிறார் என்பதும்தான் முடிவு செய்யும். 1235யூ-வின் அடிப்படை 15 வாட், கொஞ்ச நேரத்துக்கு 55 வாட் வரை தாவலாம். அதனால் ஒரே சிப் ஒரு லேப்டாப்பில் பறக்கும், இன்னொன்றில் சில நிமிடத்தில் மூச்சு வாங்கும். யூடியூபில் பெஞ்ச்மார்க் பார்த்தால் அந்தக் குறிப்பிட்ட மாடலுக்குத்தான் பாருங்கள், முதல் ஓட்டத்தின் ஸ்கோரை விட்டுவிட்டு சினிபெஞ்ச் என்ற வேகச் சோதனையைப் பத்து நிமிடம் ஓட்டிய பிறகு வரும் ஸ்கோரைப் பாருங்கள்.

இப்போது கிராபிக்ஸ். தனி கார்டு இல்லாத லேப்டாப்பில் கிராபிக்ஸுக்கென்று சொந்த மெமரி கிடையாது, பிராசசர் சாப்பிடும் அதே ரேமில்தான் அதுவும் சாப்பிட வேண்டும். டிடிஆர்4 3200 வகை ரேம் ஒரு குச்சி (ஸ்லாட்டில் செருகும் ரேம் பலகை) மட்டும் இருந்தால் நொடிக்கு 25.6 ஜிபி டேட்டா போகும், இரண்டு குச்சி போட்டால் 51.2 ஜிபி. குச்சி ஒன்றென்றால் கேமில் பிரேம் விழுவதை நீங்களே கண்ணால் பார்க்கலாம்.

தெரிந்த பையன் ஒருவன் ஐ5 லேப்டாப்போடு வந்தான், முகமெல்லாம் கோபம். "ஐரிஸ் எக்ஸ்இ என்று சொல்லி வேறு எதையோ தலையில் கட்டிவிட்டார்கள் அண்ணா, இதில் யுஹெச்டி என்று காட்டுகிறது" என்றான். இரண்டுமே சிப்போடு வரும் இன்டெல் கிராபிக்ஸின் பெயர்கள். கழற்றிப் பார்த்தால் இரண்டு ஸ்லாட்டில் ஒன்று காலி. இன்னொரு 8 ஜிபி குச்சியை வாங்கிப் போட்டு ஆன் செய்ததும் பெயர் தானாகவே ஐரிஸ் எக்ஸ்இ ஆகிவிட்டது. இரண்டு சேனலிலும், அதாவது ரேமுக்கான இரண்டு பாதையிலும், ரேம் இருந்தால்தான் இன்டெல் அந்தப் பெயரையே கொடுக்கும், சிப் என்னவோ அதேதான்.

இரண்டு குச்சி போட்டபின் ஐரிஸ் எக்ஸ்இ-யும் 7530-இன் வேகா கிராபிக்ஸும் கிட்டத்தட்ட ஒரே தட்டில் நிற்கும், பல கேம்களில் இன்டெல் ஒரு படி மேலே. வேலரண்டுக்கு இந்தக் கவலையே வேண்டாம், செட்டிங்கைக் குறைத்து வைத்தால் இரண்டிலும் 60 பிரேம் தாண்டும். எடிட்டிங்கில் மட்டும் வித்தியாசம் தெரியும். செல்போன் வீடியோ என்றால் இரண்டும் சமாளிக்கும், ஆனால் நண்பனின் மிரர்லெஸ் கேமராவில் எடுத்த நிறத் தகவல் அதிகமுள்ள 10 பிட் 4:2:2 ஹெச்இவிசி வகை ஃபைலை பிரீமியர் எடிட்டிங் சாஃப்ட்வேரில் போட்டால் இன்டெல்லின் குவிக் சிங்க் (சிப்பில் வீடியோவுக்கென்றே உள்ள பகுதி) அதை ஹார்டுவேரிலேயே விரித்து ஓட்டும், வேகாவால் முடியாது. ஏவி1 என்ற புதிய வகை வீடியோவுக்கும் வேகாவில் ஹார்டுவேர் வசதி இல்லை. வேடிக்கை என்னவென்றால், நான் வேண்டாம் என்று சொன்ன 7520-இல் அது இருக்கிறது.

அதனால் என் ஓட்டு 1235யூ-வுக்கு, 8+8 ரேமோடு. அந்த மாடலில் ரேம் கூட்ட வழியே இல்லையென்றால் யோசிக்காமல் 7530யூ-வுக்குப் போய், அதில் இரண்டு குச்சி போட்டுக்கொள்ளுங்கள். கடையில் டெமோ பீஸை ஆன் செய்யச் சொல்லி கண்ட்ரோல், ஷிஃப்ட், எஸ்கேப் மூன்றையும் சேர்த்து அழுத்துங்கள். டாஸ்க் மேனேஜரில் பெர்ஃபார்மன்ஸ், அதில் மெமரி. எத்தனை ஸ்லாட்டில் எத்தனை நிரம்பியிருக்கிறது என்று கீழே காட்டும். அதை மட்டுமே நம்பிவிடாமல், அந்த மாடலில் ரேம் கூட்ட முடியுமா என்று தயாரிப்பாளரின் தளத்திலும் ஒருமுறை பாருங்கள். அப்புறம், கூடுதல் குச்சியை வாங்கும்போதே கடையிலேயே போடச் சொல்லிவிட்டு, அதனால் வாரண்டி போகாது என்று பில்லிலும் எழுதி வாங்கிவிடுங்கள்.