நுவரெலியாவில் புதிய வேலை: முதல் மாதத்தை எப்படிச் சமாளிப்பது?

தலவாக்கலைப் பக்கத் தோட்டத்திலிருந்து நுவரெலியாவில் ஒரு மொத்த வியாபார அலுவலகத்துக்குக் கணக்கு வேலைக்குப் போகும் தங்கச்சி கேட்டிருக்கிறார்: சேர்ந்து இரண்டு வாரம், சிங்களத்தில் போன் வந்தால் கை நடுங்குகிறது, எதுவும் பிடிபடவில்லை, விட்டுவிடலாமா?

விடாதீர்கள் தங்கச்சி. நானும் அதே பாதையில் வேலைக்குப் போய்வருகிறவள். புதிதாக வரும் பிள்ளைகளைப் பக்கத்து மேசையில் பார்த்துக்கொண்டே இருக்கிறேன். அவர்களை அலைக்கழிப்பது கணக்கு இல்லை, அதைப் படித்துவிட்டுத்தான் வருகிறார்கள். எதை யாரிடம் கேட்பது, எப்போது சொல்வது என்று தெரியாததுதான்.

முதலில் போன். வருகிற அழைப்பெல்லாம் பெரும்பாலும் அதே நாலைந்து விஷயம்தான்: சரக்கு வந்ததா, பில் எவ்வளவு, செக் எப்போது, முதலாளி இருக்கிறாரா. இவற்றுக்கான சிங்களப் பதிலைப் பக்கத்து மேசைக்காரரிடம் கேட்டு, தமிழ் எழுத்திலேயே கொப்பியில் எழுதி போனுக்குப் பக்கத்தில் வையுங்கள். புரியாவிட்டால் "பொட்டக் ஹிமீட்ட கியன்ன", கொஞ்சம் மெதுவாகச் சொல்லுங்கள் என்று கேட்கலாம், தப்பே இல்லை. தொகையை மட்டும் திருப்பிச் சொல்லி உறுதிப்படுத்தாமல் போனை வைக்காதீர்கள். 'தஹ' என்றால் பத்து, 'தாஹ' என்றால் ஆயிரம். அவசரத்தில் இரண்டும் ஒரே மாதிரிதான் காதில் விழும்.

மொழியைவிட நான் பெரிதாக நினைப்பது பஸ் விஷயத்தை. லிந்துலை, நானுஓயா வழியாக வரும் நம் வீதியில் மே முதல் செப்டம்பர் வரையான மழைக்காலத்தில் மண்மேடு சரிவது புதிதில்லை. ஏப்ரல் வசந்த காலத்தில் டவுனுக்குள் வாகனம் நகராது. வெளியூரிலிருந்து வந்த மேனேஜருக்கு இதெல்லாம் தெரிந்திருக்காது. தாமதமான அன்று சொன்னால் சாக்குப்போக்காகத்தான் படும். அதனால் மழையில்லாத ஒரு நாளில், நேரத்துக்கு வந்த அன்றே போய்ச் சொல்லுங்கள்: "சேர், நான் வருவது இந்த பஸ்ஸில், திரும்ப கடைசி பஸ் இத்தனை மணிக்கு. வீதியில் இறங்கி லயத்துக்கு இவ்வளவு தூரம் ஏறிப் போக வேண்டும். பாதை அடைபட்டால் உடனே கோல் எடுப்பேன்." தோட்டத்தில் சிக்னல் கிடைக்காதென்றால் அதையும் சேர்த்துச் சொல்லிவிடுங்கள். மாலையில் "கொஞ்சம் இருந்து முடித்துவிட்டுப் போங்கள்" என்று கேட்கும்போது இந்தப் பேச்சு கைகொடுக்கும்.

சந்தேகங்களை ஒவ்வொன்றாகப் போய்க் கேட்காமல் சேர்த்து வைத்து, பிளேன்டீ நேரத்தில் ஒரே ஆளிடம் கேளுங்கள். அவருக்கும் தொல்லையில்லை.

அப்புறம் ஒன்று, இதைக் கட்டாயம் பாருங்கள். நியமனக் கடிதத்தைக் கேட்டு வாங்குங்கள். "தகுதிகாண் காலம் முடியட்டும், பிறகு ஈ.பி.எப். (ஊழியர் சேமலாப நிதி) போடலாம்" என்று சில இடங்களில் சொல்வார்கள். அது சரியில்லை. சேர்ந்த நாளிலிருந்தே உங்களுக்கு அது உண்டு. சம்பளத்தில் உங்கள் பங்கு 8 சதவீதம், முதலாளி பங்கு 12. ஈ.டி.எப். (ஊழியர் நம்பிக்கை நிதி) 3 சதவீதம் முழுவதும் முதலாளி கட்ட வேண்டியது, உங்கள் சம்பளத்தில் வெட்டக் கூடாது. நம் அம்மாமார் கொழுந்து பறித்துச் சேர்த்த ஈ.பி.எப். காசில்தான் தோட்டத்தில் எத்தனை வீட்டுக் கல்யாணமும் கடனும் முடிந்திருக்கின்றன, உங்களுக்கே தெரியும். மாதக் கடைசியில் சம்பளச் சீட்டு வந்ததும் இந்தத் தொகைகள் இருக்கின்றனவா என்று பாருங்கள். இல்லாவிட்டால் கீழே எழுதுங்கள், தொழில் திணைக்களத்தில் போய் எப்படிக் கேட்பது என்று சொல்கிறேன்.